சத்தம் போடாத அம்பாசிடர்

பேட்டரி மெக்கானிக்கான என் கணவர், எங்கள் பழைய அம்பாசிடரின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் லாரி பேட்டரிகளும் வைத்தார். திருவொற்றியூர் வீட்டு வாசலிலேயே பூஜை போட்டோம். அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தார். உறுமலே இல்லாததால் வண்டி ஆஃபில் இருக்கிறது என்று நினைத்து, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். சக்கரம் உருண்டது. கையை வெடுக்கென்று இழுத்தேன். பழம் நசுங்கிய சத்தம் மட்டும்தான் கேட்டது.

"இன்னாய்யா, நான் கீழ கீறேன், நீ பாட்டுக்கு நவுத்துற?"

"நான் எங்கமே நவுத்துனேன்? ஆக்சிலேட்டர்ல காலு லேசா பட்டுச்சு" என்றார், முகம் வெளிறிப்போய்.

இன்றும் அந்த வண்டி சும்மா நின்றாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆயுத பூஜையன்று பூஜை தாமதமாகிறதென்று சாமி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சாவி என் முந்தானை முடிச்சுக்கு வந்த பிறகுதான் பழம் சக்கரத்துக்குப் போகும்.