பெயரில்லாத வியாழக்கிழமை

காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, திட்டப்பலகையின் வியாழக்கிழமைக் கட்டத்தையே பார்த்தபடி நிற்பாள் சோல்வை. மற்ற நாள்களில் அட்டைக்கு அட்டை எழுத்து: என்ன நிறம், எவ்வளவு நீளம், எந்தக் கடைக்கு. வியாழனில் மட்டும் ஒரு வெற்று வெள்ளை அட்டை. காப்பி ஆறிப்போகும். அவளுக்கு ஆறின காப்பிதான் பிடிக்கும் என்று தொழிற்சாலையில் ஒரு பேச்சே உண்டு. பிடிக்கவெல்லாம் செய்யாது, குடிக்க மறந்துவிடுகிறாள், அவ்வளவுதான்.

டென்மார்க்கின் வடக்கே, கடல்கழி ஓரத்து மெழுகுவத்தித் தொழிற்சாலை அது. எந்தத் தொட்டியில் என்றைக்கு எதைத் தோய்ப்பது என்று முடிவு செய்வது சோல்வையின் வேலை. தேவாலயப் பீடங்களில் ஏற்றும் தடித்த வெள்ளை வத்திகளைப் பெரிய தொட்டியில்தான் தோய்க்க முடியும். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் எந்த ஊர்க் கோயில்பிள்ளைக்கு எப்போது வத்தி தீரும், என்ன நீளம் கேட்பார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். எடுக்கப் போன கை வத்திப் பெட்டியின் அடியைத் தட்டிய பிறகுதான் அவர்களுக்குத் தொலைபேசி ஞாபகம் வரும். ஆனால் யாரோ ஒருவர் கேட்பார், கேட்பது தடித்த வெள்ளையாகத்தான் இருக்கும். அந்த இனம் மொத்தத்துக்கும் சேர்த்து வியாழனைப் பிடித்து வைத்திருக்கிறாள். நீளத்தை ஆர்டர் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

"அது யாரோட வியாழன்னு எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தரோடது. அதுக்கு மேல நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?" என்பாள்.

செவ்வாய் மதியத்துக்குள் யாரும் கேட்காவிட்டால் அந்த நாளை மற்ற இனங்களுக்கு விட்டுவிட வேண்டும். அதுவும் அவளே போட்ட விதி. ஒரு தடவைகூட அதை மீறியதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். குளிர்பெட்டியின் மேல்தட்டு 'பழ வகை'க்கு என்று காலியாகக் கிடக்கும். ஞாயிறு மதியம் 'வருகிறவர்களுக்கு' என்று சும்மா கிடக்கும். கணவர் ஐனர் மீன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "ஏம்மா, ப்ளம்ஸ் வர்றப்போ வரட்டும். அதுவரைக்கும் இந்த மீன் எங்க போய்ப் படுக்கும்?" அவள் சிரித்துக்கொண்டே கீழ்த்தட்டைக் காட்டுவாள்.

போன இலையுதிர்காலத்தில் வியாழன்கள் வரிசையாகச் சும்மா போயின. கோயில்பிள்ளைகள் ஊமையாகிவிட்டார்கள். விதிப்படி விட்டுக்கொடுத்த அந்த நாள்களில் வெளிர்நிற வத்திகளையாவது தோய்க்கலாமென்றால், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் அவற்றைச் சீண்டவும் ஆளில்லை. எல்லோருக்கும் சிவப்பு வேண்டும். மேலாளர் யெப்பெ இனிப்பு ரொட்டியோடு மாடியில் அவள் அறைக்கு வந்தான். நல்ல பையன்தான், பாவம். கெட்ட செய்தி என்றால் கையில் ரொட்டி இருக்கும்.

ஒரு பெரிய கடை, குளிர்காலம் முழுக்கச் சிவப்பு கேட்கிறதாம். வருகிற செவ்வாயும் வெள்ளைக்கு ஆர்டர் இல்லையென்றால் பெரிய தொட்டி சிவப்புக்குப் போய்விடும். ஒருமுறை சிவப்பு இறங்கிவிட்டால், கோடையில் சுரண்டிக் கழுவும்வரை அந்தத் தொட்டியில் வெள்ளை கிடையாது. "இந்த ஒரு செவ்வாய் பாக்கலாம், சோல்வை. அதுக்கப்புறம் மேலிடத்துக்கு நான் பதில் சொல்லியாகணும்," என்றான். அவள் தலையாட்டினாள். ரொட்டியைத் தொடவில்லை. பயந்துதான் போயிருந்தாள்.

தொட்டிக்காரன் துரொல்ஸ் ஒரு வழி சொன்னான். நாலு கோயில்பிள்ளைகளைக் கூப்பிட்டு, வத்தி வேண்டுமா என்று கேட்டுவிட்டால் ஆயிற்று. சோல்வை மாட்டேன் என்றாள். கூப்பிட்டால் பாவம் பார்த்து வாங்குவார்கள், அப்படி வாங்கியதை வைத்துக்கொண்டு வியாழன் தேவைப்பட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வராதாம். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

செவ்வாய்க்கிழமை மூடுபனி கடல்கழியை விழுங்கிவிட்டு ஜன்னல்வரை வந்து நின்றது. சோல்வை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். எங்கோ ஒரு வெள்ளைக் கோயில், சாத்திய கதவு, உள்ளே ஒரு மனிதர் பீடத்தருகே குனிந்து, விரலளவு தேய்ந்துபோன வத்தியைப் பார்க்கிறார். இதோ நிமிர்கிறார், இதோ கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார், இதோ தொலைபேசியை எடுக்கிறார். மணி அடித்தேவிட்டது. பாய்ந்து எடுத்தாள். ஐனர்தான், உருளைக்கிழங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மதியம் தாண்டியது. யெப்பெ வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. அட்டையை எடுத்து 'சிவப்பு' என்று எழுதி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

வியாழன் காலை கோட்டைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கிப் போனாள். கூடம் முழுக்க உருகிய மெழுகின் வெதுவெதுப்பு. பெரிய தொட்டியில் மெழுகு அசையாமல் கிடந்தது, காய்ச்சி இறக்கிய பால் மாதிரி. சாயப்பொடிப் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு துரொல்ஸ் அவளைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கும் மனசு வரவில்லை.

"ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துடறேனே," என்றான் மெதுவாக. "அதுக்குள்ள யாராவது கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. யெப்பெகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சோல்வை தொட்டியின் விளிம்பில் கை வைத்து, அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய் முடிஞ்சு போச்சு, துரொல்ஸ்."

அவன் கையிலிருந்த பையை வாங்கி, தானே தொட்டியில் கவிழ்த்தாள். மூலையில் ஒட்டியிருந்த பொடியையும் விரலால் தட்டிவிட்டாள்.