இடப்பக்கமாக வந்தவள்

கிடங்கில் அவரை எல்லோரும் ரிவர்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை முன்னால் ஓட்டுவதைவிடப் பின்னால் வேகமாக ஓட்டுவார் என்பதால் வந்த பெயர். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் அட்டைப்பெட்டிகளில் நான்கு அடுக்கு உயரத்துக்கு நிற்கும் கிடங்கு அது. இரண்டு வரிசைக்கு நடுவே, இந்தப் பக்கம் நான்கு விரல் அந்தப் பக்கம் நான்கு விரல் இடம் விட்டு, யாரிடமாவது பேசிக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுப்பார். பதினாறு வருடத்தில் ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்கியதில்லை.

நாற்பத்து நான்கு வயதில் அவர் பெயிண்ட்பால் ஆடப் போனதற்குத் தங்கைதான் காரணம். அவளுக்கும் அதே கிடங்கில் வேலை. பேக்கிங் மேஜையில் லேபிள் சரிபார்ப்பவள். கம்பெனிகளுக்கு இடையில் நடக்கும் போட்டிக்கு ஐந்து பேர் வேண்டும், நான்கு பேர்தான் தேறினார்கள். அடி வாங்கவாவது ஓர் ஆள் வேண்டாமா என்று அண்ணனை இழுத்துக்கொண்டு போனாள். முகம் முழுக்க மூடும் முகமூடி, காற்றழுத்தத்தில் சாய உருண்டையைத் துப்பும் துப்பாக்கி, ஒளிந்துகொள்ளக் காற்றடைத்த பெரிய தடுப்புகள். உருண்டை பட்டு உடைந்து சாயம் ஒட்டினால் அவுட். மனிதருக்கு ஆட்டம் பிடித்துப்போனது. வீட்டில் துடைப்பத்தைத் தோளில் அணைத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக இருந்தார். அப்படியே கொஞ்சம் கூட்டவும் செய்தால் நன்றாக இருக்கும் என்றாள் மனைவி.

கேப்டன், லாரி அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த பெண். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரத்தில் ஆட்டம் அரைமணிதான், மிச்சமெல்லாம் பயிற்சி. தடுப்பின் ஓரத்தில் தலையை நீட்டு, இரண்டு உருண்டை சுடு, அடுத்தவன் குறி வைப்பதற்குள் உள்ளே போ. வலப்பக்கம் இருபது தடவை, பிறகு துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றி இடப்பக்கம் இருபது தடவை. ஒவ்வொருவரும் எத்தனை தடவை அடிபட்டார்கள் என்று ஒரு சிலேட்டில் எழுதிவைப்பாள்.

அந்தச் சிலேட்டில்தான் அவருடைய பயம் ஆரம்பித்தது. வலப்பக்கம் அவர் இரண்டோ மூன்றோ தடவைதான் அடி வாங்கினார். இடப்பக்கம் பதினான்கு, பதினைந்து. இடக்கைப் பழக்கம் இல்லையே, வந்துவிடும் என்றாள் கேப்டன். அவரும் அப்படித்தான் நினைத்தார். பிறகு முகமூடியின் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று நினைத்துப் புதுக் கண்ணாடி மாற்றினார். அடுத்த வாரம் இடப்பக்கம் பதினேழு. சுட்டது யார், எங்கிருந்து என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. தோளில் சுளீரென்று படும். அவ்வளவுதான் தெரியும்.

அன்று முகமூடியைக் கழற்றியபோது அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு, கை தவறிவிட்டது என்பார். ஒருநாள் கொக்கியில் மாட்டியிருந்த மழைக்கோட்டைப் பார்த்து, எப்ப வந்தீங்க மாப்பிள்ளை, உட்காருங்க என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்கே விஷயம் புரிந்தது. முதலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கோட்டு பதில் சொல்லாமல் நின்றதும் அப்பாவின் முகம் மாறியது. மகனுக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

டாக்டரிடம் போகப் பயம். போனால் அது என்னவென்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மறுநாள் வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் தவிர வேறு எதுவும் தெரியாதவர். ஆகவே இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹார்ன் அடிக்கத் தொடங்கினார். ரிவர்ஸுக்கு வயசாயிடுச்சு, ஊர்வலம் போறாரு என்று பையன்கள் கேலி செய்தார்கள். கேலி செய்யட்டும், விலகி நின்றால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஹார்ன் அடித்தும், இடப்பக்கம் திரும்பிய வண்டிக்கு அடியில் ஏதோ நொறுங்கியது. தரை துடைக்கும் அம்மாவின் வாளி. அந்த அம்மா அப்போதுதான் துணியைப் பிழிய ஓர் அடி தள்ளிப் போயிருந்தாள். வாளி தட்டையாகக் கிடந்ததைப் பார்த்து, லைசென்ஸ் இல்லாத வாளி குறுக்கே வந்தால் இப்படித்தான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். அந்த அம்மா ஓர் அடி தள்ளிப் போகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்புக்கு மேல் அவரால் போக முடியவில்லை.

மேஜையிலிருந்து தங்கை இதைப் பார்த்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு கேப்டன் ஒரு புதுப் பயிற்சி என்றாள். சுடுவது கிடையாது, துப்பாக்கிக் குழலுக்கு உறை போட்டிருக்க வேண்டும். ஒருவர் தடுப்புக்குப் பின்னால் மண்டியிட்டு நேரே எதிரில் உள்ள கம்பத்தையே பார்க்க வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் மெதுவாக நடந்து வருவார். பார்த்ததும் எந்தப் பக்கம் என்று கத்த வேண்டும். பார்க்காவிட்டால் வருகிறவர் தோளைத் தொடுவார், ஆட்டம் முடிந்தது. அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்கியவள் தங்கை என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் வலப்பக்கமாக ஒருவன் வந்தான். பதினைந்து அடி தூரத்திலேயே "வலது" என்று கத்தினார். அடுத்து யாரும் வரவில்லை. கம்பத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். முகமூடிக்குள் தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. சரளைக்கல் ஒன்று நகர்ந்த மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. இருட்டுகூட இல்லை, வெறுமனே ஒன்றுமில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. திரும்பினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அப்படியே இருந்தார். பிறகு, "இன்னும் யாரையும் அனுப்பலையா கேப்டன்?" என்று கேட்டார்.

"நான் இங்கதான் நிக்கிறேன்ணா," என்றாள் தங்கை. குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "ரொம்ப நேரமா நிக்கிறேன். கையைக்கூட ஆட்டிப் பாத்துட்டேன்."

தலையைத் திருப்பினார். கை எட்டும் தூரத்தில் அவள் நின்றிருந்தாள். முகமூடிக்குள் அழுதுகொண்டிருந்தாள். மைதானத்தில் முகமூடியைக் கழற்றக்கூடாது என்பதால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

"அப்பாவுக்கு வந்ததுதானேண்ணா?" என்றாள்.

"தெரியல. பயமா இருக்கு, அதான் போகல," என்றார். யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொல்லிவிட்டு, மண்டியிட்டபடியே இருந்தார்.

திங்கட்கிழமை அவரே சூப்பர்வைசரின் மேஜையில் சாவியை வைத்துவிட்டு, தங்கையுடன் கண் மருத்துவமனைக்குப் போனார். ஒரு கருவிக்குள் தலையைக் கொடுத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு வைத்தபோது நெடுநேரம் அழுத்த எதுவும் இல்லை. கருவி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெடுகிற நோய் என்றார் டாக்டர். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண் இரண்டு பேர் வேலையையும் பார்த்துக்கொண்டு இருந்ததால் தெரியவில்லை. போனது திரும்பாது. சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டுத் தங்கையையும் உட்காரவைத்தார். அவளுக்கும் அழுத்தம் கூடித்தான் இருந்தது, ஆனால் பார்வை இன்னும் கொஞ்சமும் குறையவில்லை. ஆளுக்கொரு மருந்துக் குப்பியோடு இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அண்ணனின் இடப்பக்கம் நின்றவள், சட்டென்று சுற்றிவந்து வலப்பக்கம் நின்றாள்.

வண்டி போனது போனதுதான். கிடங்கில் அவரைச் சரக்கு எண்ணும் பிரிவில் போட்டார்கள். ஒரு மாதம் வரை ஹார்ன் சத்தம் கேட்டால் கை தானாக ஸ்டீயரிங்கைத் தேடியது. அணியை விட்டும் விலகுவதாகச் சொன்னார். கேப்டன் மைதானத்தின் படத்தை விரித்து, இடது ஓரத்தில் இருந்த கடைசித் தடுப்பைக் காட்டினாள்.

"இங்க நில்லுங்க. உங்க இடப்பக்கம் எல்லைக் கோடுதான். கோட்டுக்கு வெளியேருந்து யாரும் வர முடியாது."

போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றார்கள். அதற்குள் அந்த ஓரத்திலிருந்து அவர் மூன்று பேரை அவுட்டாக்கியிருந்தார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணில் எதிரே உள்ள ஜன்னல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து, ஜன்னலில் எத்தனை கம்பி தெரிகிறது என்று அவள் சமையலறையிலிருந்தே கேட்பாள், அவர் எண்ணிச் சொல்வார். முதல் நாள் இரண்டு கம்பி. போன வாரமும் இரண்டு என்றுதான் சொன்னார்.