மாவரைக்க வேண்டிய தைரியம்

ஆங்கிலத்தில் ‘டேர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. துணிதல், அஞ்சாது முற்படுதல் என்று அகராதி அதற்குப் பொருள் தருகிறது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோக, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய காலத்தில், பழைய நாளேடுகளையும் ஓர் அகராதியையும் துணையாகக் கொண்டு அம்மொழியைப் பயின்றவன் நான். இச்சொல்லைப் படைவீரர்க்கும் மலையேறுவோர்க்கும் உரியதென்றே அந்நாளில் கருதியிருந்தேன். ஒருவர் வாயிலிருந்து அது பிறக்க நேரில் கேட்டது என் வீட்டுச் சமையலறையில்தான்.

ஓய்வு பெற்றபின் செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எழுப்பி, மலையடிவார ஆசிரமத்தை நாடி வருவோர்க்கு வாடகைக்கு விட்டு வருகிறோம். கீழே என் மனைவி இட்லி மாவு அரைத்துக் கிரிவலப் பாதையிலுள்ள சிற்றுண்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். பிற்பகல் மூன்று மணிக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கும். அந்நேரம் அரைத்தால்தான் மறுநாள் விடியலுக்குள் மாவு பொங்கிவரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அயல்நாட்டு அம்மையார் ஒருவர் தங்கியிருந்தார். மௌன விரதம் பூண்டவர். வேண்டுவதைச் சிறு சிலேட்டில் எழுதிக் காட்டுவார். கிரைண்டரின் ஓசை தம் தியானத்தைக் கலைப்பதாக இருமுறை எழுதிக் காட்டினார். இருமுறையும் ‘சாரி’ என்று சொல்லி நகர்ந்தேன். என் ஆங்கிலம் பெரும்பாலும் அச்சொல்லில்தான் தொடங்கும்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள். கடைக்காரர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக மாவு கேட்டிருந்தனர். அரிசியும் உளுந்தும் ஊறி நின்றன. கிரைண்டர் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் அம்மையார் படியிறங்கி வந்தார். தாமே சுவிட்சை அணைத்தார். என் மனைவியை நோக்கி, ‘ஹவ் டேர் யூ’ என்றார். பல வாரங்களாகப் பயன்படாத குரல் கரகரத்து ஒலித்தது.

மனைவி, மாவு தோய்ந்த கையோடு என்னைப் பார்த்தாள்.

“இன்னாங்க, அந்தம்மா பேசறாங்க? விரதம் முடிஞ்சிட்ச்சா?”

“இல்ல. கோவமா கீறாங்க. உனக்கு எவ்ளோ தைரியம்னு கேக்கறாங்க.”

“மாவு அரைக்கறதுக்கு எதுக்குங்க தைரியம்? கரண்ட் இருந்தா போதாதா?”

அவள் எள்ளலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அக்கேள்வியை நான் இன்றளவும் எண்ணிப் பார்ப்பதுண்டு. தமிழிலும் நாம் அவ்வாறே பேசுகிறோம். ‘உனக்கு எவ்வளவு தைரியம்’ என்பது பாராட்டாக ஒலிப்பது அரிது. மேலிருப்பவர் கீழிருப்பவரைப் பார்த்துக் கேட்பது அது. என் பணிக்காலத்தில் என்னைப் பார்த்து அப்படிக் கேட்கப்பட்டபோதெல்லாம் நான் வீரச்செயல் எதையும் புரிந்திருக்கவில்லை. விருந்தினர்க்குப் போட்ட நாற்காலியில் அமர்ந்திருப்பேன், அவ்வளவே. துணிந்ததாகக் குற்றஞ்சாட்டப்படுபவர் பெரும்பாலும் தம் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது துணிச்சலாகத் தோன்றுவது, அவர் அடங்கியிருப்பார் என எதிர்பார்த்தவருக்கே.

அன்று துணிவு தேவைப்பட்டது எனக்குத்தான். அம்மையார் மாசி வரை தங்குவதாகச் சொல்லியிருந்தார். அவரைப் போல் நெடுநாள் தங்குவோர் எளிதில் வாய்ப்பதில்லை. இன்றொரு நாள் நிறுத்தினால் என்ன என்று மனைவியிடம் கேட்க நாக்கு நுனி வரை சொல் வந்தது. ஆனால் ஊறிய உளுந்து நாளை வரை காத்திராது. ஒருமுறை மாவு தவறினால் கடைக்காரர்கள் வேறிடம் போய்விடுவர். பல ஆண்டு முயன்று அவள் சேர்த்த வாடிக்கை அது.

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. அம்மையாரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினாள்.

“நாளிக்கு பௌர்ணமிம்மா. ஊறப்போட்டத கொட்ட முடியாது. தெனம் இந்த நேரத்துக்கு நான் அரைச்சிதான் ஆவணும். இது என் வேலை.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க. நடுவுல உங்க சாரிய போடாதீங்க.”

சொன்னேன். நான்கு சிறு வாக்கியங்கள். சாரி இல்லாத ஆங்கிலம் என் காதுக்கே சற்று முரட்டுத்தனமாகப் பட்டது. அம்மையார் என்னையும் மாவையும் மாறிமாறிப் பார்த்தார். பின் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு மாடியேறினார். மனைவி சுவிட்சைப் போட்டாள்.

பௌர்ணமி கழிந்த வாரம் அம்மையார் அடி அண்ணாமலைப் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொண்டு சென்றார். பிணக்கின்றி, கைகூப்பி விடைபெற்றார். அந்தக் குளிர்காலத்தின் எஞ்சிய நாளெல்லாம் அறை காலியாகவே கிடந்தது.

இப்போது அறை கேட்டு வருவோரை வாசலிலேயே நிறுத்தி, பிற்பகலில் என் மனைவி மாவரைப்பாள், அதை மாற்ற இயலாது என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். அண்மையில் ஓர் இளந்தம்பதியர் அதைக் கேட்டுத் திரும்பிப் போயினர். உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

“மொதல்ல ரூம காட்னா இன்னாவாம்? ஜன்னல்ல மலை தெரியுது, அத பாத்துட்டா பாதி பேரு ஒத்துக்குவாங்க.”

“அப்புறம் வந்து சுவிட்ச அணைப்பாங்க.”

“அணைக்கட்டும். நான் போட்டுக்கறேன்.”