பிற விவரங்கள்: இல்லை

கணுக்கால் வரை கறுப்புச் சேறு அப்பிய இரண்டு கால்கள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றதுதான் சிஸ்டரைப் பற்றிய என் முதல் ஞாபகம். ஐப்பசி மழைக்காலத்து மத்தியானம். அப்போதுதான் துடைத்திருந்த தரையில் வாசலிலிருந்து என் மேசை வரை காலடித் தடம். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். "என்ன சாரே அப்படிப் பாக்கீங்க? இந்த அழுக்கு எனக்குள்ளது இல்ல, ஒங்க ஆபீஸுக்குள்ளது. திருப்பிக் கொண்டாந்து தந்தேன், அவ்வளவுதான்" என்றார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊர்ப்பேச்சை விடவில்லை, மேலே கொஞ்சம் மலையாளம் தூவியிருந்தார். கையிலிருந்த படிவக்கட்டை என் முன்னால் போட்டுவிட்டு, அதே தடத்தில் கால் வைத்து வெளியே போனார்.

நான் அப்போது இந்த நகரத்தின் சுகாதார வேலைகளைப் பார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் கிளார்க். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்று மட்டும்தான் அப்படி என்று மற்றவை தப்பித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் வீட்டோடு கிடக்கும் நோயாளிகளை நர்ஸுகள் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். படுக்கைப் புண்ணைக் கழுவுவார்கள், மூத்திரக் குழாய் மாற்றுவார்கள், நகம்கூட வெட்டிவிடுவார்கள். அந்தச் சந்திப்புகளின் படிவங்களை வாங்கித் தொகுத்து மாத அறிக்கை தயாரிப்பது என் வேலை. நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியூர்களிலிருந்து வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். என் ஆத்திரமெல்லாம் வேறு. வீட்டு வாசல் வரை ஒரு நர்ஸை அனுப்பத் தெரிந்த ஊருக்கு, அந்த வாசல் வரை அவள் நடந்து போக ஒரு வழி வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அப்படிப் போகும் நர்ஸுகளில் சிஸ்டருக்குக் கொடுத்திருந்தது ஆரியசாலைக்குப் பின்னால் இருக்கும் சந்துகள். நானும் அங்கே பிறந்து வளர்ந்தவன்தான். முன்பக்கம் மொத்த வியாபாரக் கடைகள், மூட்டைகள், கைவண்டிகள். பின்பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஆட்டோ உள்ளே வராது. சந்தின் பாதி அகலம் சாக்கடைதான். அதன்மேல் போட்டிருக்கும் சிமென்ட் ஸ்லாப்தான் நடைபாதை. அதனால் அங்கே ஒரு ஸ்லாப் போனால் சாக்கடை திறந்துகொண்டது என்று மட்டும் பொருளல்ல, அந்த இடத்தில் வழியே இல்லை. சந்துக்காரர்கள் நாங்கள் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். யாராவது ஒரு மரக்கிளையை ஒடித்து அந்தக் குழியில் நட்டு வைப்போம், அல்லது கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைப்போம். பிறகு தாண்டிப் போகப் பழகிவிடுவோம். இதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, வெளியாட்கள் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிப்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குழியை மூடச் சொல்லிக் கூட்டமாகப் போய் நிற்க வேண்டியவர்கள், அதற்குக் கிளை நட்டுக்கொண்டு இருந்தோம்.

சிஸ்டர் கிளை நடவில்லை, எழுதினார். படிவத்தில் காய்ச்சல், நாடி, புண்ணின் அளவு, மருந்து எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசியில் 'பிற விவரங்கள்' என்று ஒரு கட்டம். மற்ற நர்ஸுகள் அதில் ஒரு கோடு போட்டு விடுவார்கள். சிஸ்டர் மட்டும் அதை நிரப்பிவிட்டு ஓரத்திலும் எழுதுவார். "வாசலில் ஸ்லாப் இல்லை. நோயாளியை வெளியே எடுக்க வழியில்லை." "அதே வீடு, அதே குழி. மூன்றாவது மாசம் எழுதுகிறேன்." "பள்ளிக்கூடத்துப் பெண் விழுந்தாள். சிராய்ப்புதான், அடுத்தவள் அப்படித் தப்பிப்பாள் என்று சொல்ல முடியாது." "குழியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது." குண்டுகுண்டான அழகான எழுத்து. உண்மையைச் சொன்னால், மற்ற படிவங்களை வெறுமனே பார்ப்பேன், சிஸ்டருடையதை ரசித்து வாசிப்பேன்.

முதல் மாதம் அவற்றை அப்படியே அறிக்கையில் சேர்த்துவிட்டேன். சூப்பிரண்டு கூப்பிட்டார். "எடோ, இது ஹெல்த் ரிப்போர்ட் அல்லே? ஓடை நம்முடே செக்ஷன் அல்ல" என்றார். ஓடை, அதாவது சாக்கடை, மாடியில் இருந்த பிரிவுக்குச் சொந்தம். நாங்கள் எழுதி அனுப்பினால் அவர்களுடைய படிவத்தில் வரவில்லை என்று திருப்பி விடுவார்கள். இடையில் இருந்தது ஒரு மாடிப்படி. ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய், தோன்றியது. வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து 'பிற விவரங்கள்' என்ற தலைப்புக்கு நேரே 'இல்லை' என்று அடிக்கப் பழகினேன். வேலை சீக்கிரம் முடிந்தது.

ஒருநாள் சிஸ்டர் நேராகவே கேட்டார். "நான் மருந்துன்னு எழுதினா மருந்து வருது. ஸ்லாப்னு எழுதினா மட்டும் ஏன் சாரே வரல்ல? ரெண்டையும் ஒரே தாளுலதான எழுதுகேன்?" அது வேறு செக்ஷன் என்றேன். "அப்பம் ஆளு உள்ள விழுந்து கால் ஒடிஞ்சா, அது எந்த செக்ஷன்?" அலுவலகமே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு முற்பகல் முழுக்க விடாமல் கொட்டியது. சாக்கடை பொங்கிச் சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கடைசி வீட்டில் பக்கவாதத்தில் கிடந்த ஒரு பழைய கணக்குப்பிள்ளையின் கட்டில் வரை தண்ணீர் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் கடைத்தெருவோடு நின்றுவிட்டது. சிஸ்டர் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து வேட்டியால் கட்டினார். பின்பக்கத்தைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் பிடித்துக்கொள்ள, முன்பக்கத்தைத் தானே பிடித்து, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தபடி பின்னோக்கி நடந்தார். குழியில் நட்டிருந்த கிளையை வெள்ளம் எப்போதோ கொண்டு போயிருந்தது. இடுப்பு வரை உள்ளே போய்விட்டார். அப்போதும் நாற்காலியை விடவில்லை என்று அந்தக் கடைக்காரர்கள் சொன்னார்கள். கணக்குப்பிள்ளையின் பாதம் மட்டும்தான் நனைந்தது. சிஸ்டரின் முழங்காலுக்குக் கீழே அந்தக் கம்பி ஆழமாகக் கிழித்திருந்தது. ஏறி வந்து, நோயாளியை வண்டியில் ஏற்றி, தூக்கி வந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கப் பையிலிருந்த மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். அவருக்கென்று மாத்திரை மிச்சமிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எட்டாம் நாள் காய்ச்சல். கண் மஞ்சளித்து, சிறுநீரகம் நின்று, பதினான்காம் நாள் போய்விட்டார்.

இரங்கல் கூட்டம் வைத்தோம். ஆளுயர பிளெக்ஸில் சிஸ்டர் சிரித்தார். மேடையில் ஒருவர் அவர் உயிரைத் தியாகம் செய்தார் என்றார். தியாகம் என்றால் தானாகக் கொடுப்பது. சிஸ்டர் எதையும் கொடுக்கவில்லை, ஒரு ஸ்லாப் கேட்டார், அவ்வளவுதான். மாதாமாதம் கேட்டார். அவரைச் சாக்கடையில் இறக்கிவிட்டு மேடையில் ஏற்றிப் பூப்போடும் இந்தப் பழக்கத்தை என்ன சொல்லித் திட்டுவது? கூட்டத்துக்கு முந்தைய நாளே அந்த இடத்தில் புது ஸ்லாப் விழுந்துவிட்டது, இரண்டு ஆட்கள், அரைமணி நேர வேலை. நான் ஓய்வு பெற்று நாளாயிற்று. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். நான்கு வீடு தள்ளி வேறொரு ஸ்லாப் உடைந்து கிடக்கிறது, யாரோ கிளை நட்டிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்த வாரத்தில் சிஸ்டரின் கணவர் வந்தார். கழக்கூட்டத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. சீருடையோடு வந்து நின்றார். சிஸ்டரின் சாவைப் பற்றி மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் என்ன எழுதப் போகிறோம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சாரே, அவ கவனமில்லாம விழுந்தாள்னு மட்டும் எழுதிராதீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். அறிக்கையின் நகல் அப்போது என் மேசையில்தான் இருந்தது. 'மேற்படி ஓடை குறித்து முன்னர் புகார் எதுவும் பதிவாகவில்லை. ஊழியரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' மாத அறிக்கைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாக நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒப்பிட்டால் சரியாகத்தான் இருக்கும். எல்லா மாதமும் 'இல்லை'.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரும்பு அலமாரியைத் திறந்து சிஸ்டரின் கையெழுத்திலிருந்த படிவங்களை எடுத்தேன். அந்த ஒரு குழியைப் பற்றி மட்டும் பதினேழு. விசாரணைக்கு வந்திருந்த அதிகாரியின் முன்னால் கொண்டு போய் வைத்தேன். ஒவ்வொன்றாக வாசித்தார். கம்பியைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்தார். சூப்பிரண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்ன மாச ரிப்போர்ட்டில் இல்லைன்னு எழுதினது ஆரு?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன்.

அறிக்கை மாறியது, அதிகம் மாறவில்லை. புகார் பதிவாகவில்லை என்ற வரியை எடுத்துவிட்டு, உரிய இடத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று போட்டார்கள். ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்ற வரி அப்படியே இருந்தது. இந்தத் தடவை ஊழியர் நான். குறிப்பாணை வந்தது, ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், வாங்கிக்கொண்டேன், எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழியை அத்தனை மாதம் திறந்து போட்ட பிரிவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஓடை நம்முடைய செக்ஷன் அல்ல என்று சொன்னவரைப் பற்றியும் கிடையாது.

நகலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிஸ்டரின் வீட்டுக்குப் போனேன். கணவர் வாசலிலேயே நின்று முழுவதும் வாசித்தார். மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் கவனக்குறைவு என்ற சொல் இல்லை என்று உறுதி செய்துகொண்டவர் போலத் தலையசைத்தார். பிறகு கேட்டார்.

"அவ எழுதுனதெல்லாம் ஒங்க கைக்கு வரும்போ, நீங்க வாசிக்காம எடுத்து வச்சிட்டியளா சாரே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இல்ல. ஒண்ணு விடாம வாசிச்சேன்" என்றேன்.

தாளை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.