தரையைப் பார்த்துக் கதை கேட்டவர்

மில்பிடாஸில் இருந்தபோது ஒரு வருஷம் வெறிபிடித்தது போலப் படித்தேன். முதல் கதையை எழுதியதும் அப்போதுதான். அதைப் பற்றி யாராவது கேட்டால் படித்த புத்தகங்களைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். கீழ்வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதில்லை.

அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் இன்ஜினீயர். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்வரும்போதும் நான் சூட்கேஸில் அடைத்துக் கொண்டுவரும் தமிழ்ப் புத்தகங்களுக்கு என் மனைவியை விட்டால் அவர் ஒருவர்தான் வாசகர். அந்த வசந்தத்தில் அவருக்கு ஒரு கண்ணில் விழித்திரை பிரிந்து ஆபரேஷன் ஆனது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காக வாரக்கணக்கில் குப்புறவே படுத்திருக்க வேண்டும். படிக்கவோ டிவி பார்க்கவோ கூடாது.

அவர் மனைவி படியேறி வந்தார். "அண்ணா, நான் வேலைக்குப் போயிட்டா பகலெல்லாம் தனியாக் கெடக்குறாருங்க. ஆபீஸ் விட்டு வந்து ஏதாச்சும் படிச்சுக் காட்டுறீங்களா?"

மறுநாள் சாயங்காலமே போனேன். கட்டிலின் விளிம்புக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். நான் கார்ப்பெட்டில் உட்கார்ந்து படித்தேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். வீட்டைவிட்டுப் போய்விட்ட மூத்த மகளை ஒரு குடும்பமே தேடுகிற பெரிய நாவல் அது. நான் முன்பே படித்ததுதான். ஆனால் வாய்விட்டுப் படித்தபோதுதான் எத்தனை வரிகளைக் கண்ணாலேயே தாண்டிப் போயிருக்கிறேன் என்று தெரிந்தது. சில இடங்களில் அவர், "அதை இன்னொருக்கா படிங்க" என்பார். படிப்பேன். வீட்டுக்கு வரும்போது எனக்கும் எழுத வேண்டும் போல இருக்கும்.

ஒரு கதை எழுதினேன். எழுதி முடித்த ஜோரில், யாருடையது என்று சொல்லாமல், நாவலுக்கு நடுவே அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் கீழே பார்த்தபடியே சொன்னார்: "யாருங்க எழுதினது? ரொம்ப எக்ஸ்ப்ளெயின் பண்றானுங்க. அந்தப் பொண்ணு அழுதாள்னு ஒருதடவை சொன்னாப் போதாதா? ஓயாம அழுவுறா."

"யாரோ புது ஆளுங்க."

"அப்படியா. சரி, அதை விடுங்க. நம்ம நாவலுக்கு வாங்க."

வந்தேன். குரலில் எதையும் காட்டாமல் ஓர் அத்தியாயம் படித்து முடித்தேன். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவர் மனைவி போன் செய்தார். "அவரு உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காருங்ணா. நாவல் எங்கயோ நடுவுல நிக்குதாமே?"

"ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கும்மா. முடிஞ்சதும் வந்துடறேன்."

ரிலீஸ் எதுவும் இல்லை. அந்தச் சாயங்காலங்களில் நான் என் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து, அவர் சொன்ன அழுகைகளையெல்லாம் கதையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் கால்களுக்கு நேர் கீழே அவர் குப்புறப் படுத்திருந்தார். நாற்காலியை இழுத்தால் அவருக்குக் கேட்கும் என்று தூக்கி நகர்த்தினேன்.

கதை சென்னையில் ஒரு பத்திரிகையில் வந்தது. அது கைக்குக் கிடைத்தபோது கோடை முடிந்திருந்தது. அவர் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். ஆனால் அந்தக் கண்ணில் நிழல் போலத்தான் தெரிந்தது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். எதற்காக எடுத்துப் போனேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் மனைவி என் பெயரைப் பார்த்துவிட்டு, "அட, அண்ணா கதைங்க!" என்று சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

ஒரு பக்கம் தாண்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். "இது அந்தக் கதைதானுங்களே? இப்ப நல்லா இருக்குது." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அதுக்குத்தான் வராம இருந்தீங்களா?"

"இல்லைங்க, ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்லைங்க," என்றார். காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

குளிர்காலத்தில் அவர் மனைவிக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. விட்ட இடத்திலிருந்து நாவலின் மீதியைப் படித்துக் கேசட்டுகளில் பதிவு செய்தேன். தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தேன்.

சில வாரம் கழித்து அவரே போன் செய்தார். "எல்லாத்தையும் கேட்டுட்டேனுங்க. நடுவுல உங்க பொண்ணு வந்து, 'அப்பா, ஹூ ஆர் யூ டாக்கிங் டு?'ன்னு கேக்குறாளே, அதை மட்டும் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டோம். என்ன கொரலுங்க!"

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அடுத்து எதைப் படித்து அனுப்பட்டும் என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? இங்க லைப்ரரியில இங்கிலீஷ் புக்ஸெல்லாம் கேசட்லயே கெடைக்குது," என்றார்.