தலைக்கு மேல் நாலு விரல்

டிரெய்லர் ஓட்டுகிறவன் வேகத்தடை வந்தால் சீட்டைவிட்டு எழுந்துவிடுவான். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் ஊன்றி, பின்பக்கத்தை அரையடி தூக்கிக்கொண்டு, வண்டி ஏறி இறங்கி முடிந்த பிறகுதான் மெல்ல உட்காருவான். பார்க்கிறவர்களுக்கு, எதிரே வரும் யாரோ பெரிய மனிதருக்கு எழுந்து மரியாதை செய்வது போல இருக்கும். மரியாதையெல்லாம் இல்லை. முதுகெலும்பின் கடைசிக் கணுவைக் காப்பாற்றிக்கொள்கிற ஏற்பாடு.

நானும் ஒன்பது வருடம் அப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்தவன்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னரை ஏற்றி, மீஞ்சூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்து போடுவது வேலை. எத்தனை எழுந்தும் கடைசிக் கணுவுக்கு மேலே இருந்த இரண்டு கணுக்கள் கைவிட்டுவிட்டன. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே ஸ்டியரிங் தொடாதீங்க" என்றார். சரி, சீட்டையாவது தொடுவோம் என்று தொழிற்பேட்டைக்கு வெளியே சர்வீஸ் ரோட்டில் ஒரு குஷன் கடை போட்டேன். எந்தச் சீட்டு என் முதுகைத் தின்றதோ அதே சீட்டுக்கு மெத்தை தைத்துப் பிழைக்கிறேன். பாம்பு கடித்தவன் பாம்புக்குப் பல் விளக்கிவிடப் போன கதை.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை: ஏற்றுவது. லாரிக்காரன் வந்தால் ஃபோம் மேல் ஃபோம் வைத்து ஏற்றுவேன். இறக்கிக் கொடு என்று கேட்டு வந்த முதல் ஆள் என் பழைய முதலாளி.

அவருக்குப் பதினாலு டிரெய்லர். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயலில்தான் இப்போது அவருடைய வண்டிகள் நிற்கும் யார்டு இருக்கிறது. ஆறடி இரண்டங்குல உயரம். அந்த உயரத்தைத் தூக்கிக்கொண்டு போய், சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்திருந்தார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, என் இடுப்புயரம். கடை வாசலில் வந்து நின்றபோது உள்ளே ஆள் தெரியவில்லை. தோள்மேல் சாய்ந்த ஒரு தலை மட்டும் தெரிந்தது. தூக்கில் தொங்கியவனை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று ஒரு விநாடி பதறிப்போனேன்.

அந்தத் தலை பேசியது. "இன்னா நைனா, எப்டி கீற? தல இடிக்குதுப்பா. கழுத்து சாஞ்சிகினே ஓட்டியாறேன். எவன் பாத்தாலும் சுளுக்கானு கேக்கறான்."

"கூரைய அறுத்துடலாமா சார்?"

"ஒன் வாய அறுக்கணும். சீட்ட எறக்கு. தலைக்கு மேல நாலு விரல் கேப்பு வோணும். சீட்டும் மெத்துனு இருக்கணும், முதுகு வலிக்கப்படாது."

தலையைச் சொறிந்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை. அவர் வெளியே வந்து, நாலு தவணையாக நிமிர்ந்து, என் தோளில் கை வைத்தார். "இத கரெக்டா பண்ணிக் குடு. நம்ம வண்டிங்க பதினாலுக்கும் சீட்டு நீதான். யாரையும் கேக்கமாட்டேன்."

அங்கேதான் விழுந்தேன். புது லாரிகளெல்லாம் கம்பெனியிலிருந்தே நல்ல சீட்டோடு வருகின்றன. என் கடையில் வாரத்துக்கு நாலு ஷேர் ஆட்டோ வந்தால் பெரிது. பதினாலு சீட்டு என்றால் கடை பிழைக்கும். அதைவிட, பதினாலில் ஒன்றை என் பழைய கூட்டாளி ஓட்டுகிறான். நானும் அவனும் ஒரே நாள் அந்த யார்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் வெளியே வந்துவிட்டேன், அவன் இன்னும் ஓட்டுகிறான். அவனுடைய படத்தையும் அதே டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறார். பெண் நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம், அதுவரை தாங்கினால் போதும் என்பது அவன் கணக்கு. மடித்த கோணியும் அதன்மேல் கிழிந்த தலையணையும்தான் அவன் சீட்டு.

விஷயத்தைச் சொன்னேன். "மச்சான், மொதலாளிய எறக்கினா எங்கள ஏத்துவாரா?" என்றான்.

"வாக்கு குடுத்துக்கிறாரு."

"அப்ப நல்லா எறக்குடா. தரையோட தரையா எறக்கு."

அளவெடுக்க யார்டுக்குப் போனேன். காருக்குள் உட்காரவைத்து அளக்க முடியாது. உள்ளே போனதும் கழுத்து மடங்கிவிடும். டிரைவர்களை நான் அளக்கிற வழக்கம் ஒன்று உண்டு. கவிழ்த்த மரப்பெட்டியில் நிமிர்ந்து உட்காரவைப்பேன். தலைமேல் மரச்சட்டத்தைப் படுக்கையாக வைத்து, சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையே டேப்பைப் பிடிப்பேன். முதலாளியையும் அப்படியே உட்காரவைத்து அளந்தேன். அதிலிருந்து காரின் உள்ளுயரத்தைக் கழித்தேன், நாலு விரலைக் கூட்டினேன், உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். எத்தனை இறக்க வேண்டும் என்று பார்த்தபோது கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது. பெரிய மனிதர், தலையும் பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கார் கடைக்கு வந்தது. சீட்டைக் கழற்றக் கீழே தலையை விட்டால், மஞ்சள் நிறத்தில் ஒரு வயர். லாரி சீட்டுக்கு அடியில் நான் பார்த்ததெல்லாம் ஸ்பானர், சாராயப் பாட்டில், ஒருமுறை ஒரு கோழிக்குஞ்சு. வயர் பார்த்ததில்லை. மணலியில் கார் மெக்கானிக்காக இருக்கும் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டேன்.

"மஞ்ச வயரா? கைய வெச்சிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"வெக்காத. ஏர்பேக்கு வயரு அது. ஏடாகூடமா புடுங்கினா படார்னு வெடிக்கும்."

"வெடிச்சா இன்னா ஆவும்?"

"ஒனக்கா, காருக்கா?"

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வயரைப் பிடுங்கச் சொன்னார். நான் ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். மூன்று டீ குடித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போன் செய்து, மனைவியிடம், பீரோ சாவி எங்கே என்று அவளுக்குத் தெரிந்த சங்கதியையே அவளுக்குச் சொன்னேன். "குடிச்சிக்கிறியா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். பிறகு நாலங்குல ஃபோம் ஷீட் ஒன்றை மார்பில் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டிங் பிளேயரை நீட்டினேன். வயரை நுனியில் பிடித்து இழுத்த அதே நொடியில் பக்கத்துப் பிரியாணிக் கடையில் குக்கர் விசிலடித்தது.

நான் எப்படி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதுகு போனவன், குனியாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பியவன், மார்பில் ஃபோமோடு தடுப்புச் சுவரைத் தாண்டியிருக்கிறேன். பிரியாணிக் கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "யப்பா, இன்னா பேஜாரு? நாஷ்டா துன்னலியா?" என்று விசாரித்தார். "பயிற்சி" என்றேன்.

வயர் அமைதியாகக் கையோடு வந்திருந்தது.

அதன்பிறகு நான் செய்த வேலை நல்ல வேலை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். உறையை உரித்து, கம்பெனி ஃபோமைப் பாதிக்கு அறுத்து எடுத்தேன். சீட்டைத் தாங்கும் கால்களைப் பக்கத்து லேத்துப் பட்டறையில் கொடுத்துக் குட்டையாக மாற்றி வாங்கினேன். ஒருபக்கம் மட்டும் இறங்கினால் அசிங்கமாக இருக்கும் என்று இரண்டு சீட்டையும் இறக்கினேன். வாலெலும்பு படும் இடத்தில் ஒரு குழி. தொடைக்கு முன்பக்கம் சற்றே மேடு. இடுப்புக்குப் பின்னால், உள்ளங்கை வைத்துத் தாங்குவது போல ஒரு வளைவு. எந்தெந்த இடத்தில் எது இருந்திருந்தால் என் கணுக்கள் இரண்டும் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வலி ஒவ்வொரு அங்குலமாகச் சொல்லிக்கொடுத்த பாடம். அத்தனையையும் அந்த ஆறடி இரண்டங்குலத்துக்கு வைத்துத் தைத்தேன்.

காரை ஒரு டிரெய்லரில் ஏற்றி யார்டில் கொண்டுபோய் இறக்கினேன். முதலாளி உட்கார்ந்தார். தலை இடிக்கவில்லை. தலையே தெரியவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும், குளத்திலிருந்து எருமை பார்ப்பது போல, எட்டிப் பார்த்தன.

"நைனா, ரோடு எங்கப்பா?"

"ரேஸ் கார்ல இப்படித்தான் சார் குந்துவாங்க" என்றேன். வியர்வை காதுக்குள் போயிற்று. பதினாலு சீட்டும் வரிசையாக என்னைவிட்டுப் போவது தெரிந்தது. தலைக்கு மேல் கைவிட்டுப் பார்த்தேன். நாலு விரல் கேட்டதற்கு எட்டு விரல். எப்படி? அப்போது அவர், "இப்டி போனா வெளிய கார்ல ஆளே இல்லனு நெனைப்பாங்க" என்று முனகிக்கொண்டே, காரில் ஏறும்போது மடியில் கழற்றி வைத்திருந்த வெள்ளை ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். எட்டு விரல் நாலு விரலாயிற்று.

யார்டுக்குள் எவன் வந்தாலும் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அளவெடுத்த அன்று அவர் தலையிலும் இருந்தது, என் தலையிலும் இருந்தது. இத்தனை வருடமாக டிரைவர்களை ஹெல்மெட்டோடுதான் அளந்திருக்கிறேன். ஒருவனும் குறை சொன்னதில்லை. லாரிக் கேபினில் தலைக்கு மேல் இன்னொரு ஆளே உட்காரலாம். யார் தலை எது, ஹெல்மெட் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது.

"ஃபோம் ஒடம்புக்குப் பழகணும் சார், ஒரே ஒரு நாள் குடுங்க" என்று கைகூப்பிக் காரைத் திரும்ப வாங்கிவந்து, இறக்கியதில் நாலு விரலை நல்ல புது ஃபோமால் நிரப்பினேன். என் தப்பால் அவருடைய மெத்தை இன்னும் மெத்தென்று ஆனது. அப்படித்தான் ஆகும். நம் தப்பும் அவர்களுக்கு லாபம்தான்.

மறுநாள் அவர் யார்டைச் சுற்றி இரண்டு வட்டம் ஓட்டினார். கழுத்து நேராக, தலைக்கு மேல் சரியாக நாலு விரல். இறங்கியதும் என் முதுகில் தட்டினார், சரியாக அந்த இரண்டு கணுக்கள் மேல். "சூப்பர்ப்பா! மேகத்துல குந்திக்கினு போற மாதிரி கீது."

என் கூட்டாளி பத்தடி தள்ளி, தன் வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"அப்ப, நம்ம வண்டிங்க சீட்டு சார்... எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன்.

முதலாளி சிவப்புக் கதவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அதுவா? யோசிச்சிப் பாத்தேன் நைனா. இந்த சீட்டுல குந்தினா எனக்கே கண்ணு சொக்குது. டிரைவர இந்த மாதிரி சொகுசா குந்த வெச்சா, தூங்கிட மாட்டான்? நாப்பது டன்னு வண்டிப்பா. நீயே சொல்லு, நீ ஓட்டசொல்ல என்னிக்காச்சும் தூங்கினியா?"

எனக்குப் பயம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படி. இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் படத்தைக் கொண்டுவந்து காட்டவா என்று கேட்டிருக்கலாம். வாக்குக் கொடுத்தீர்களே என்றாவது கேட்டிருக்கலாம். நான் சொன்னது இது: "எங்க சார் தூங்கறது? அந்த சீட்டுல பொணத்த குந்த வெச்சாலும் எழுந்து ஓடிடுமே!"

"அதான்! அதான் வோணும்!" என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், கூட்டாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, அடுத்த சக்கரத்தைத் தட்டினான்.

சிவப்புக் காரிலிருந்து அறுத்தெடுத்த ஃபோம் கடையில் கிடந்தது. அதை ஒட்டி, வாலெலும்புக்குக் குழி வைத்து, கறுப்பு ரெக்சின் போட்டு ஒரு சீட்டு தைத்தேன். பதினாலில் ஒன்று. ஒரு வாரம் கழித்து அவன் வண்டி கடை எதிரே நின்றது. ரோட்டைக் கடந்து டீ குடிக்க வந்தான். கையில் கொடுத்தேன். அழுத்திப் பார்த்தான். தொழில் தெரிந்த கை. நல்ல சரக்கு என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"ரொம்ப சொகுசா கீதுடா மச்சான்" என்றான்.

"ஒனக்குத்தான்டா. எட்துகினு போ."

"வோணாம். தூங்கிடுவேன்."

அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. சீட்டை என் ஸ்டூல்மேல் வைத்தான், நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒரு பக்கம் சரி செய்தான், டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டான்.

என் கடையைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை இருக்கிறது. வண்டி அதன்மேல் ஏறும்போது, கண்ணாடிக்குப் பின்னால் அவன் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நின்றது தெரிந்தது. இறங்கி முடியும்வரை நின்றான். பிறகு, எங்கே வலிக்கும் என்று தெரிந்தவன் உட்காருவது போல, மெல்ல உட்கார்ந்தான்.