இடது கை ஆடிய ஆட்டம்

மகன் வருவதற்கு முதல் நாள் நான் கம்ப்யூட்டரைக் கழற்றித் தேயிலைப் பெட்டிக்குள் வைத்து, கயிறு போட்டுக் கட்டி, அலமாரிக்கு மேலே ஏற்றினேன். எழுபத்தைந்தைத் தாண்டியவன் நாற்காலியில் ஏறி நின்று பெட்டி தூக்குவது புத்திசாலித்தனம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் தினமும் சாயங்காலம் அதில் பந்து விளையாடுகிறேன் என்று அவனுக்குத் தெரியக்கூடாது. அவன் படிக்கப் போன காலத்திலிருந்து அது அந்தப் பெட்டிக்குள்ளேயே தூங்கிக் கிடக்கிறது என்று அவன் நினைக்க வேண்டும். அது தற்செயலாக அவன் கண்ணில் பட வேண்டும்.

காரணம் இதுதான். கனடாவிலிருந்து மனைவியோடு வருகிறவன், தெமோதரையில் அப்பன் ஒருத்தன் சொந்த வீட்டில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் எல்லயில் ஹோட்டல் பிடித்திருந்தான். "ஒங்களுக்கு எதுக்குப்பா வீண் சிரமம்" என்றான். சிரமம் என்று நான் எப்போது சொன்னேன்? எல்லயில் சில நாள் தங்குவார்களாம். அதில் ஒரு பகல் எனக்கு. சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவார்களாம், வேன்காரனுக்கு இருட்டில் மலைப்பாதை பிடிக்காதாம். வேன்காரனுக்குப் பிடித்ததும் பிடிக்காததும் எனக்கு முன்னால் வந்து வரிசையில் நிற்கிறது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சாயங்காலம். அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாயங்காலம். "இருந்துட்டுப் போ" என்று வாய்விட்டுக் கேட்க எனக்கு வராது. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து மற்றவர்களை வேலை வாங்கியே பழகிய வாய் இது. அதனால்தான் பெட்டியை மேலே ஏற்றினேன். அவன் அதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்துவிடுவான் என்பது என் கணக்கு.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி கப்பலில் வேலை செய்தவன். சிங்கப்பூரில் யாரோ வேண்டாம் என்று விட்ட ஒன்றை, "மருமகன் படிப்புக்கு நல்லதுக்கா" என்று கொண்டுவந்து கொடுத்தான். இப்போது மாதிரி பெட்டி வேறு, திரை வேறு என்றெல்லாம் இல்லை. எழுத்துக் கட்டைகள் வைத்த ஒரு தடித்த பலகை, அவ்வளவுதான். அதையே டீவியில் சொருக வேண்டும், பக்கத்தில் கெசட் ரெக்கார்டரை வைத்து நாடாவை ஓட விட வேண்டும். பாட்டுக்குப் பதிலாகக் காதைக் கிழிக்கிற ஒரு கிரீச்சல் வரும். கிரீச்சல் முடிந்தால் விளையாட்டு வரும், வந்தால் உண்டு. "பூனைய யாரு மிதிக்கிறா?" என்று குசினியிலிருந்து என் மனைவி கேட்பாள். படிப்புக்கு என்று வந்த சாமான், படிப்பைத் தவிர எல்லாவற்றுக்கும் உதவியது.

நாங்கள் அப்போது தோட்டத்து ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மேலே தோட்டத்துத் துரையின் பங்களா, கீழே தொழிலாளர்களின் லயம், நடுவில் நாங்கள். லயத்துப் பிள்ளைகள் எங்கள் வாசலுக்கு வரக் கூச்சப்படுவார்கள். இவன் கீழே இறங்கி விளையாடினால் என் மனைவிக்குப் பொறுக்காது, பங்களாவுக்குள் எங்களுக்கு வேலையே இல்லை. ஒற்றைப் பிள்ளை வேறு. ஆக, அவனுக்கு விளையாட்டுக்கு இருந்த ஒரே ஆள் நான். சினேகிதன் என்று ஒருத்தனும் இல்லாத பையனுக்கு அப்பனே சினேகிதனாக வாய்ப்பது பெரிய அதிர்ஷ்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் இருந்தது.

நாடாவில் பல விளையாட்டுகள் இருந்தாலும் நாங்கள் ஆடியது ஒன்றைத்தான். திரையின் இரண்டு ஓரத்திலும் மட்டை மாதிரி இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் அலையும் ஒரு பந்து. இடப்பக்கக் கட்டைகள் அவனுக்கு, வலப்பக்கம் எனக்கு. மெஷினோடு ஆட முடியாது, ஆளோடு ஆள்தான் ஆட வேண்டும். கொழுந்து லொறி வந்து தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் பெரிய காற்றாடிகளைப் போட்டுவிட்டால் எங்கள் வீட்டுக் கரண்ட் சோர்ந்து, டீவிப் படம் சுருங்கி, எல்லாம் அணைந்துபோகும். மறுபடி முதலிலிருந்து கிரீச்சல். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் "அப்பா, இன்னைக்கு எப்ப ஃபேன் போடுவீங்க?" என்றுதான் கேட்பான். தேயிலை உற்பத்தியில் அவனுக்கு இருந்த ஒரே அக்கறை அதுதான்.

அவனிடம் ஒரு தந்திரம் இருந்தது. தன் கோட்டைக் கீழ் மூலையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி இருப்பான். பந்து மேலே வரும், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து வாயைத் திறப்பேன். கடைசி நொடியில் விர்ரென்று மேலே ஏற்றி, மட்டையின் நுனியால் தட்டுவான். பந்து கோணலாகத் திரும்பி என்னை ஏமாற்றிவிட்டுப் போகும். அவன் கைகொட்டிச் சிரிப்பான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது.

பிறகு படிக்கப் போனான், வெளிநாடு போனான், அங்கேயே இருந்துவிட்டான். அதற்கு யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெஷினை நான் ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். இந்த மலைப் பனிக்கு எதுவும் பூஞ்சை பூத்துப்போகும், ஆனால் தேயிலையைக் காயவைத்துக் காப்பாற்றியவனுக்கு ஒரு மெஷினைக் காப்பாற்றத் தெரியாதா? ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை விட்டு இந்த வீட்டுக்கு வந்தோம். சில வருடங்களில் என் மனைவி கண்ணை மூடிவிட்டாள்.

அவள் போன பிறகு காலைப் பொழுதை ஓட்டிவிட முடிந்தது. சந்தை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பதுளை ஆஸ்பத்திரி கிளினிக் இருக்கிறது. சாயங்காலத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்குப் போட வேண்டும், போட்டால் வீட்டில் யாருமில்லை என்பது இன்னும் நன்றாகத் தெரியும். அப்படி ஒரு நாள்தான் பெட்டியைத் திறந்தேன். கெசட் ரெக்கார்டரின் பெல்ட் இற்றுப்போயிருந்தது. பதுளை பஜாரில் ரேடியோ திருத்துகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "இத இன்னுமா வச்சிருக்கீங்க ஐயா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் வேறு பெல்ட் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு பேர் ஆட வேண்டிய ஆட்டம், நான் ஒருத்தன். அதனால் இரண்டு கைகளையும் வைத்து ஆடினேன். வலது கை நான், இடது கை அவன். முதலில் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கேவலமாக ஆடின. நாளாக ஆக இடது கை தேறியது. அந்தத் தந்திரத்தைக்கூட அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். கீழ் மூலையில் தூங்கிவிட்டுக் கடைசி நொடியில் ஏறி நுனியால் தட்டும். வலது கை ஏமாந்துபோகும். உண்மையாகவே ஏமாந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். நான் தனியாகச் சிரிப்பேன். இதையெல்லாம் வெளியில் சொன்னால் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்பார்கள்.

சொன்ன நாளில் வந்தார்கள். மகனுக்குத் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. மருமகள் யாழ்ப்பாணத்துப் பெண், நல்ல பெண். சாப்பிட்டார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் ரயில் பாலத்தை அவன் போனில் படம் படமாக எனக்குக் காட்டினான். எல்லாம் காட்டினான், ஆனால் அலமாரிப் பக்கம் மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே வேன்காரன் கண்ணாடி துடைக்க ஆரம்பித்துவிட்டான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, அந்த அலமாரி மேல ஒட்டடையா இருக்கு போல. கொஞ்சம் பாரேன்" என்றேன்.

பார்த்தான். பெட்டியை இறக்கினான், கயிற்றை அவிழ்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா! இது இன்னும் இருக்கா!" மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். விரலால் தடவிப் பார்த்தான். "ஒரு தூசிகூட இல்லையேப்பா?"

"டீமேக்கர் கட்டின பெட்டிடா. தூசி எங்க உள்ள போகும்?" என்றேன். என் மனைவி இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

படுக்கையறையில் இருந்த பழைய குண்டு டீவியில் சொருகினோம். நாடா கிரீச்சிட்டதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதற்குள் வேன்காரன் ஹோர்ன் அடித்தான். மகன் வாசலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கெசட் ரெக்கார்டரைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். மருமகள்தான் பேசினாள். "நீங்கள் இருங்கோ. நான் போறன். காலமை வேன அனுப்பிவிடுறன்." அந்தப் பெண்ணை நான் அந்த நிமிடத்திலிருந்து என் மகளாகவே நினைக்கிறேன்.

அப்படித்தான் எனக்கு என் சாயங்காலம் கிடைத்தது. நாற்காலிகளை ஒட்டிப் போட்டோம். அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். பந்து கிளம்பியது.

முதல் பந்திலேயே மானம் போயிற்று. பந்து அவன் பக்கம் போனதும் என் இடது கை தானாகப் பாய்ந்து அவன் கட்டைமேல் போய் உட்கார்ந்தது. அவன் விரல்மேல் என் விரல். "என்னப்பா?" என்றான். "பழக்கதோஷம்" என்றேன். கையை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அடுத்த பந்துக்கும் அது துடித்தது.

அவன் மோசமாக ஆடினான். பந்து போகிற இடத்துக்கெல்லாம் கோட்டைப் பயந்து பயந்து ஓட்டினான். மூலையில் தூங்கவில்லை, கடைசி நொடியில் ஏறவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். இப்போது செய்வான், இப்போது செய்வான் என்று பார்த்தேன். அவன் என்னை ஏமாற்ற வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவன் தோற்றுக்கொண்டே போனான்.

"டேய், ஒன் வேலையக் காட்டுடா" என்றேன்.

"என்ன வேலப்பா?"

என்னால் தாங்க முடியவில்லை. தொடைக்குக் கீழிருந்த கையை எடுத்து, அவன் கட்டைகளில் வைத்து, ஆடிக் காட்டினேன். மூலையில் படுத்தேன், பந்து மேலே போகட்டும் என்று விட்டேன், கடைசியில் ஏறி நுனியால் தட்டினேன். என் வலது கை கோட்டைவிட்டது. "இப்படித்தானே நீ அடிப்பே?"

அவன் திரையைப் பார்க்கவில்லை. என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானா? எனக்கு ஞாபகமே இல்லையேப்பா" என்றான். பிறகு மெதுவாக, "தெனமும் ஆடுவீங்களா? யாரோட ஆடுவீங்க?"

"ஒன்னோடதான்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? இரண்டு கையும் கட்டைமேல் இருக்கும்போது பொய் சொல்ல வழியில்லை.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பந்து ஆளில்லாமல் திரைக்கு வெளியே போய்ப் போய் வந்தது. "தேத்தண்ணி போடட்டாப்பா?" என்று எழுந்து போனான். போட்டுக்கொண்டு வந்தான். சாயம் நன்றாக இறங்கியிருந்தது, அதை மட்டும் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டு அவன் அம்மாவைப் பற்றியும் அவனுடைய வீட்டுக் கடன், முதுகுவலி பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். கனடாவுக்கு வந்துவிடுங்கள் என்றான். வருகிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் அது நடக்காது என்று தெரியும். காலையில் வேன் வந்தது.

அவர்கள் விமானம் ஏறிய பிறகு ஒரு சாயங்காலம் வழக்கம்போல உட்கார்ந்தேன். நாடா ஓடி முடிந்தது, கோடுகள் வந்தன, பந்து கிளம்பியது. வலது கை அடித்தது. இடது கை அசையவில்லை. நானாகப் பிடித்து அசைத்தால் அசைந்தது, ஆனால் அது என் கையாகத்தான் இருந்தது. மூலையில் தூங்க வைத்துப் பார்த்தேன். ஏறும்போது நான்தான் ஏறுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. வலது கை ஏமாறவில்லை.

அத்தனை வருடமாக என்னோடு ஆடியது ஒரு பதினான்கு வயதுப் பையன். வந்து உட்கார்ந்து தோற்றுவிட்டுப் போனவன் நரைத்த தலையும் வீட்டுக் கடனும் முதுகுவலியும் உள்ள ஒரு நல்ல மனிதன். அவனைப் பக்கத்தில் பார்த்த பிறகு அந்தப் பையனைக் கூப்பிட எனக்கு வரவில்லை. மகன் வந்தால் தனிமை குறையும் என்று நினைத்திருந்தேன். எனக்கு இருந்த ஒரு துணையும் அவனோடு போய்விட்டது. இதை அவனிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, மழையா என்று எல்லாம் கேட்டான். கடைசியில் குரலைக் கொஞ்சம் விளையாட்டாக்கிக்கொண்டு, "இப்பவும் என்னோட பந்து ஆடுறீங்களாப்பா?" என்றான்.

"எங்கடா ஆடறது" என்றேன். "நீதான் போயிட்டியே."